கை பதியவில்லை

அத்தியாயம் 14

ஞானபாய் வைத்த சாயாவைத் தொடாமல் அவள் கொழுந்தன் ஜான்ரோஸ் எழுந்து போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். கோபித்துக்கொண்டு போகிறவன் வாசல்வரை போய் ஒருதரமாவது திரும்பிப் பார்ப்பான். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கும். ஜான்ரோஸ் திரும்பவில்லை. அதை ஞானபாய் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். என்ன செய்வது, அவளுக்கு அடுப்பில் பாகு இருந்தது.

அவன் கேட்டது இவ்வளவுதான். கருங்கல் சந்தைப் பக்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பலகாரக்கடை திறக்கிறது. அண்ணன் மனைவியான மைனி அங்கே வந்து முந்திரிக்கொத்து செய்ய வேண்டும். போனில் வருகிற ஆர்டரெல்லாம் இனி கடைக்கு. மாதம் பிறந்தால் மைனிக்குச் சம்பளம். "கிறிஸ்துமஸ் கழியட்டும், பேசுவோம்" என்றாள் ஞானபாய். பேசுவோம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது கொழுந்தனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய சாய்ப்பில் மூன்று பேருக்கும் கை ஓயவில்லை. ஞானபாய் சிறுபயற்றுப் பொடியில் பாகை ஊற்றி, சூடு ஆறுமுன் உருட்டிக்கொண்டிருந்தாள். பூங்கனி அந்த உருண்டைகளை மும்மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். மகள் அபிதா கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஆறிய கொத்துகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.

முந்திரிக்கொத்துக்குப் பேரில்தான் முந்திரி, உள்ளே ஒரு பருப்பு கிடையாது. ஞானபாய்க்கு அதில் ஒரு நிம்மதி. முந்திரி ஆலையை இந்தப் பக்கம் அண்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து கொட்டை உடைத்தவள் அவள். பூங்கனியும் அங்கே பக்கத்துப் பலகைதான்.

மொத்தம் அறுபத்து நாலு பெட்டி. சென்னைக்கு, பெங்களூருக்கு, கோயம்புத்தூருக்கு, ஒன்று புனேக்கு. சனிக்கிழமை கூரியரில் ஏற்றினால்தான் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்ச் சேரும். பெட்டிமேல் விலாசம் இன்னும் எழுதவில்லை. எல்லாம் போனில் இருக்கிறது, கடைசியில் ஒரே மூச்சில் பார்த்து எழுதிவிடலாம் என்பது அபிதாவின் வழக்கம்.

"எம்மா, உனக்க போனுல டவர் இல்ல" என்றாள் அபிதா.

"மழைக்காறு கெடக்குல்லா, வரும்."

"பூங்கனி அக்காக்கும் இதே கம்பெனிதான். அவியளுக்கு முழுசா காட்டுது."

"அண்ணாந்து பிடிச்சுப் பாரு."

அபிதா முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பிடித்தாள், கிணற்றுத் தூணில் ஏறி நின்று பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் அவளுடைய சொந்தப் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவள் கிணற்றடியிலேயே நின்றுவிட்டாள்.

"எம்மா, நீ என்னைய குரூப்புல இருந்து எடுத்துட்டியா?"

"எந்த குரூப்பு?"

"நம்ம பலகார குரூப்பு. 'அம்மா உங்களை நீக்கினார்'னு வந்திருக்கு."

ஞானபாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் பயற்றுப் பொடியும் பாகும். "நான் இதுக்குள்ள கைய வச்சிட்டு நிக்கேன். நான் எப்பிடிட்டி எடுப்பேன்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஞானபாயின் போனை அபிதா திறந்தாள். வாட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டிருந்தது. இந்த எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று இரண்டு வரி. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த குரூப்பும், அறுபத்து நாலு விலாசமும், ஆறு வருஷப் பேச்சும் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தன.

"சித்தப்பா" என்றாள் அபிதா.

ஞானபாய்க்கு விளங்க அரை நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் பாகு ஆறிப்போவதைப் பற்றித்தான் முதலில் பேசினாள். "பூங்கனி, இத நீ உருட்டி முடி. ஆறுனா ஒடைஞ்சிரும்."

* * *

அந்த சிம்முக்கு ஒரு கதை உண்டு. ஆலை வேலையை விடுவது என்று முடிவானபோது ஞானபாய் முதலில் வாங்கப் போனது ஒரு நம்பர்தான். அன்றைக்கும் மெஷினில் பெருவிரல் வைத்தால்தான் சிம். வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை. மறு விரல், மறு கை, எதையும் எடுக்கவில்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, தொட்ட இடத்தைப் பொள்ள வைக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் பத்தொன்பது வருஷத்தில் அது விரல் ரேகையைத் தின்றுவிட்டது.

கூடப் போயிருந்த ஜான்ரோஸ், "இதுக்கு என்ன மைனி, நான் வைக்கேன்" என்று தன் பெருவிரலை வைத்தான். நல்ல மனசோடுதான் வைத்தான். அவள் புருஷன் கபிரியேல் மஸ்கட்டில். கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றால் தம்பிதான். சிம் யார் பேரில் இருந்தால் என்ன, போன் யார் கையில் என்பதுதானே கணக்கு என்று எல்லோருமே நினைத்தார்கள். வீட்டில் ஒருவர் பேரில் வாங்கி இன்னொருவர் பேசுவது இந்த ஊரில் புதுசா?

ஞானபாயும் அபிதாவும் கருங்கலில் போய் இறங்கியபோது ஜான்ரோஸின் கடை வாசலில் பெயின்ட் வாசனை அடித்தது. உள்ளே கண்ணாடி அலமாரி வந்து இறங்கியிருந்தது. மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிய பெரிய போர்டு. தாள் ஒரு பக்கம் கிழிந்து காற்றில் ஆடியது. ஞானபாய் நின்று வாசித்தாள். 'ஜான்ரோஸ் ஸ்வீட்ஸ். ஞானபாய் கைப்பக்குவம்.' அதற்குக் கீழே அவளுடைய பத்து இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்.

"வாங்க மைனி" என்று ஜான்ரோஸ் எழுந்தான். அபிதாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"அது எனக்க நம்பராக்கும் ஜான்ரோஸு."

"யாரு பேருல இருக்கு மைனி?"

"உனக்க பேருல இருக்கு. நம்பரு எனக்கது."

"அண்ணைக்கு கடையில கால் கடுக்க நின்னது யாரு? பெருவிரல் வச்சது யாரு? உங்களுக்க விரல மெஷினு எடுத்துதா?"

"எடுக்கல்ல."

"பின்ன?"

அந்த ஒரு 'பின்ன' அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆறு வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பயறு வறுத்ததற்கும், எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் தழும்பானதற்கும் பதில் அந்த ஒரு சொல்தானா? கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். கொழுந்தன் முன்னால் அழுவதில்லை என்பது அவள் எப்போதோ எடுத்த முடிவு.

"ராத்திரியோட ராத்திரியா திருடினியா சித்தப்பா?" என்று அபிதா வெடித்தாள்.

"ஏட்டி, வாய அடக்கு. திருட இது யாருக்க வீட்டுச் சொத்து? காலையில கடை திறந்ததும் போயி டூப்ளிகேட் சிம் கேட்டேன், தந்தான். எனக்க சிம்ம நான் வாங்கினேன்." பிறகு ஞானபாயிடம் திரும்பி, குரலை இறக்கிக்கொண்டான். "மைனி, நான் அந்நியனா? ரெண்டு வருஷமா வேலையில்லாம நிக்கேன். சவுதிக் கம்பெனிக்காரன் இனி எடுக்கமாட்டான். ஒரு கடை போட்டாச்சு. நம்ம குடும்பத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்னுதான். உங்களுக்க பேரு போர்டுல எவ்வளவு பெருசா போட்டிருக்கேன்னு பாருங்க."

"பேரு போட எனக்கிட்ட கேட்டியா?"

அவன் கண்ணாடி அலமாரியைத் துடைக்கத் திரும்பினான்.

"சரி. அறுபத்து நாலு பேரு காத்திருக்காவ. அந்த விலாசத்தையாவது தா. அது கிறிஸ்துமஸுக்குள்ளது."

"எல்லாம் இதுல பத்திரமா இருக்கு" என்று புதுப் போனைத் தட்டிக் காட்டினான். ஆனால் திறந்து காட்டவில்லை. "நாளைக்கு பெட்டியெல்லாம் இஞ்ச கொண்டு வாருங்க. கடைப் பேருல நம்ம ரெண்டு பேருமா அனுப்புவோம்."

ஞானபாய் போர்டை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "வா மக்கா" என்று மகளின் கையைப் பிடித்து நடந்தாள்.

தெருவில் இறங்கியதும் அபிதா சொன்னாள்: "போலீஸுக்கு போவோம் எம்மா."

"போனா, சிம்மு யாரு பேருலன்னுதான் முதல்ல கேப்பான். சிரிச்சிட்டு அனுப்புவான். முதல்ல எனக்க பேருல ஒரு நம்பரு வேணும். மத்தது பிறகு."

"உனக்க விரலு..."

"விரலு எனக்குத் தெரியும். வா."

* * *

மூன்று கடை தள்ளி டெனிஷின் மொபைல் கடை. வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். ஞானபாயின் முறை வந்தபோது, உள்ளங்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. அழுத்தி வைத்தாள். சிவப்பு. டெனிஷ் ஒரு ஈரத் தாளால் அவள் விரலைத் துடைத்துக் காயவைத்தான். பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். பத்து விரலும் போய் வந்தன.

"கை பதியமாட்டேங்குது அக்கா" என்றான் டெனிஷ். பாவம், அவனுக்கே சங்கடமாக இருந்தது.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வரிசை நிற்கிறதே என்ற பெருமூச்சு. ஞானபாய்க்குக் காது சுட்டது. அப்போது வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அண்டி ஆபீஸா?"

"ம். பத்தொம்பது வருஷம்."

அந்தப் பெண் தன் வலக்கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனி ஐந்தும் வழவழவென்று ஒரு கோடில்லாமல் இருந்தன. "எனக்கு ரேஷன் கடையில மாசாமாசம் இதே பாடுதான். கண்ண மெஷினுல எடுக்கணும்னு அந்தத் தம்பிகிட்ட செல்லுங்க. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல்லல்லா?"

டெனிஷ் தலையில் தட்டிக்கொண்டான். "ஆமா அக்கா! கண்ணை எடுக்க மெஷினு எனக்கிட்ட இல்ல. தக்கலையில கம்பெனி ஆபீசுல உண்டு. நாலு மணிக்குள்ள போனா இண்ணைக்கே சிம்மு கிடைக்கும்."

ஞானபாய் அந்தப் பெண்ணின் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டாள். பேர் கேட்கத் தோன்றவில்லை, பஸ் வந்துவிட்டது.

பக்கத்தில் இருக்கும் பழைய அரண்மனையைப் பார்க்க வந்த வேன்கள் அடைத்து நின்றதால் பஸ் தக்கலைக்குள் நுழையவே மூன்றரை ஆகிவிட்டது. இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஆபீசில் குளிரூட்டி ஓடியது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்பிள்ளை, பைனாகுலர் மாதிரி ஒன்றை ஞானபாயின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"கண்ணை நல்லா திறந்து நேரா பாருங்கம்மா."

பார்த்தாள். சிவப்பு.

"கண்ணு செவந்திருக்கே. அழுதீங்களா?"

"அழல்ல மக்ளே. அடுப்புப் புகை."

இரண்டாம் தரமும் சிவப்பு. அபிதா நகத்தைக் கடித்தாள். ஞானபாய் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவி, இமையெல்லாம் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். விரலைத்தான் ஆலை தின்றது. கண்ணையுமா விட்டுக்கொடுப்பது? இரு விரலால் இமைகளை மேலும் கீழும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சண்டைக்கு நிற்பவள் மாதிரி அந்தக் கருவியைப் பார்த்தாள்.

பச்சை எரிந்தது.

"ஆச்சும்மா. பேரு சரியா இருக்கா பாருங்க" என்று அந்தப் பெண்பிள்ளை திரையைத் திருப்பினாள்.

'ஞானபாய்' என்று இருந்தது. வீட்டுப் பட்டா கபிரியேல் பேரில். கரன்ட் கனெக்ஷன் மாமனார் பேரில், அவர் செத்து எட்டு வருஷமாகியும். ரேஷன் கார்டில் மட்டும் அவள் படம் முதலில் இருக்கிறது. அதையும் விரல் பதியாததால் வேறு யாராவதுதான் கொண்டுபோவார்கள். தன் பேரில், தானே வந்து, தன் உடம்பைக் காட்டி வாங்கியது என்று நாற்பத்தாறு வயதில் இதுதான் முதல். ஞானபாய் எழுத்து எழுத்தாக வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, "எழுத்துப் பிழை இல்ல" என்று சொன்னாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அபிதாதான் பேசினாள்.

"நம்பரு கிடைச்சாச்சு. ஆனா எம்மா, இந்த நம்பரு யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"விளையாடாத. சனிக்கிழமைக்கு ரெண்டு நாளுதான் இருக்கு. கூரியர் ஆபீசுல கேட்டேன். பழைய விலாசமெல்லாம் தர முடியாதாம்."

ஞானபாய் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் வீடுகளில் காகித நட்சத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அறுபத்து நாலு வீட்டிலும் இந்நேரம் ஒரு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். வாக்குக் கொடுத்துவிட்டுப் பொருள் அனுப்பாதவள் என்று பேர் வாங்கினால், நம்பர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"தெரியாத வழியா இருந்தா கேட்டுக் கேட்டுப் போவோம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

* * *

மாலை ஆறரை மணிக்கு முற்றத்தில் பைக் வந்து நின்றது. ஜான்ரோஸ்.

காலையில் பார்த்த ஜான்ரோஸ் இல்லை இது. தலை கலைந்து, சட்டை நனைந்து, கையில் போன் விடாமல் 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டிருந்தது. பூங்கனி உருட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். அபிதா கதவை மறித்து நின்றாள்.

"விடுட்டி, வரட்டும்" என்றாள் ஞானபாய்.

அவன் திண்டாடிக்கொண்டே சொன்னான். "மைனி... இதுல ஒரு விலாசமும் இல்ல. பழைய பேச்சு ஒண்ணுகூட வரல்ல. குரூப்பு மட்டும்தான் வந்திருக்கு."

"காலையில எல்லாம் பத்திரமா இருக்குன்ன?"

"இருக்கும்னு நெனச்சேன். பிறகு குரூப்புல 'எல்லாரும் விலாசத்தை மறுபடியும் அனுப்பவும்'னு டைப் பண்ணிப் போட்டேன். அதுலதான் வினை."

வினை என்னவென்றால், ஞானபாய் யாருக்கும் டைப் பண்ணியது கிடையாது. விரல் நுனி மரத்துப்போனதால் திரை அவள் தொடுவதைச் சரியாக வாங்காது. ஒரு எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழும், இல்லாவிட்டால் ஒன்றுமே விழாது. அதனால் மகளோ பூங்கனியோ மைக்கை அழுத்திப் பிடிக்க, அவள் பேசுவாள். "மக்களே, இந்தத் தரம் பாகு கொஞ்சம் முறுகிப்போச்சு, ரெண்டு நாள் வச்சுத் தின்னுங்க" என்பாள். "உனக்க மாமியாருக்குச் சுகர்லா, அவியளுக்கு ஒண்ணு மட்டும் குடு" என்பாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவளை அந்தக் குரலில்தான் தெரியும்.

அந்த நம்பரிலிருந்து திடீரென்று எழுத்தில் 'விலாசம் அனுப்பவும்' என்று வந்தால்? ஆன்லைன் மோசடிக் கதைகளைத் தினமும் கேட்கிற ஜனங்கள். ஜான்ரோஸ் போனைத் திருப்பிக் காட்டினான். 'யார் நீங்க?' 'அக்கா, ஒரு வாய்ஸ் போடுங்க.' 'இது ஞானபாய் அக்கா இல்ல, யாரும் விலாசம் குடுக்காதீங்க.' பெங்களூரு டீச்சர் ஒருத்தி போலீசில் சொல்லப் போவதாகவே எழுதியிருந்தாள்.

"நாப்பது பேரு கேட்டாச்சு மைனி. ஒரே ஒரு குரல் போட்டுத் தாருங்க. 'நான் ஞானபாயாக்கும், விலாசம் அனுப்புங்க'ன்னு மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு. மானம் போயிரும்."

"நம்பரு உனக்கது. குரலு எனக்கதுல்லா?"

"மைனி, நானா இத செய்யல்ல!" என்றான் ஜான்ரோஸ். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல நின்றான். பிறகு சொன்னான்: "அண்ணன்கிட்ட கேட்டுட்டாக்கும் செஞ்சேன். நேத்து ராத்திரி போனுல விளிச்சேன். 'நீ எடுத்து நடத்து, அவ இவ்வளவு நாள் செஞ்சது போதும்'னு அவன்தான் சொன்னான்."

பூங்கனி அடுப்பைத் தணித்தாள்.

கபிரியேல் நேற்று இரவு ஞானபாயோடும் பேசினான். மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, அபிதாவுக்குப் பரீட்சை எப்போது என்றெல்லாம் கேட்டான். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொழுந்தன் எடுத்தபோது கோபம்தான் வந்தது. இது வேறு. இருபத்து மூன்று வருஷம் நம்பிச் சாய்ந்த சுவர் இது. ஞானபாய் பெட்டி அடுக்கின் மேல் கையூன்றி நின்றாள். அறுபத்து நாலு பெட்டி, ஒன்றின் மேலும் பேரில்லை.

பிறகு கையை நீட்டினாள். "கொண்டா போன."

"எம்மா!" என்று அபிதா கத்தினாள்.

"நீ சும்மாரு."

ஜான்ரோஸின் முகம் தெளிந்தது. குரூப்பைத் திறந்து அவள் வாய்க்கு நேரே நீட்டினான். அவள் விரலால் மைக்கைத் தொட்டாள், பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் பிடிக்கவில்லை.

"நீயே அழுத்திப் பிடி" என்றாள்.

அவன் தன் பெருவிரலால் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசுங்கள் என்று தலையாட்டினான்.

"மக்களே, நான் ஞானபாய் பேசுதேன்" என்று தொடங்கினாள். எப்போதும் பேசுகிற அதே குரல், ஒரு நடுக்கமும் இல்லை. "காலையில இருந்து என்னையத் தேடினியளாம். நல்லா இருக்கேன். உங்களுக்க பலகாரம் எல்லாம் ரெடி. விலாசம் மட்டும் எனக்கிட்ட இப்ப இல்ல. ஜான்ரோஸுன்னு எனக்க கொழுந்தன் கருங்கல்லுல கடை திறக்கான், ஞாயிற்றுக்கிழமை. நல்ல பயலாக்கும், அந்தப் பக்கம் வந்தா போங்க. ஆனா அங்க உள்ள முந்திரிக்கொத்து நான் உருட்டினது இல்ல. இந்த நம்பரும் இனி எனக்கது இல்ல. எனக்க புது நம்பரு செல்லுதேன், எழுதிக்கிடுங்க. விலாசத்த அதுல அனுப்புங்க."

பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஜான்ரோஸுக்கு இலக்கம் நாலு தாண்டிய பிறகுதான் உறைத்தது. கையால் அவள் வாயைப் பொத்த முடியுமா? மைனி ஆயிற்றே. பத்தாவது இலக்கம் முடிந்தபோது, சுட்டுக்கொண்டவன் போல மைக்கிலிருந்து பெருவிரலைப் பறித்தான்.

விரலை எடுத்தால்தான் அது போகும் என்பது பதற்றத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. சர்ரென்று ஒரு சத்தம். போய்விட்டது.

"அழி! எப்பிடி அழிக்கது? ஏட்டி அபிதா, இத எப்பிடி அழிக்கது?"

அபிதாவுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அழிக்கலாம் சித்தப்பா. ஆனா பாருங்க, எழுபது பேரு கேட்டாச்சு."

ஜான்ரோஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஞானபாய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான்.

"அந்த நம்பர நீயே வச்சுக்க. போர்டும் மாத்த வேண்டாம், காசு கொடுத்து எழுதினது. எனக்க பேர மட்டும் ஒரு கை பெயின்ட் எடுத்து அழிச்சிரு" என்றாள். "கடைக்கு ஆளு வேணும்னா அண்டி ஆபீஸ் வாசல்ல போயி கேளு. கைப்பக்குவம் உள்ளவிய நெறைய உண்டு. ஆனா சிம்மு வாங்கும்போ அவியளுக்க பேருல வாங்கிக் குடு."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை வாசலில் ஒருமுறை நின்றான். என்ன நினைத்தானோ.

அதற்குள் ஞானபாயின் போன் முதல் தடவையாகச் சிணுங்கியது. பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். புனே வீட்டு விலாசம் வந்தது. பெங்களூரு டீச்சர் விலாசத்தோடு ஒரு வாய்ஸும் போட்டிருந்தாள். "அக்கா, பயந்தே போயிட்டோம்." பூங்கனி பேனாவைத் தேடி ஓடினாள். அபிதா வாசிக்க, பூங்கனி பெட்டி மேல் எழுத, ஏழு, எட்டு, ஒன்பது என்று சாய்ப்பில் மறுபடியும் சத்தம் களைகட்டியது.

ஞானபாய் அங்கே நிற்கவில்லை. "ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் போன தா மக்கா" என்று வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மஸ்கட் நம்பர் அவளுக்கு மனப்பாடம். திரை வாங்கவில்லை. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு இலக்கமும் மூன்று தடவை, நாலு தடவை. யாரையும் கூப்பிட்டு அழுத்தச் சொல்லவில்லை. கடைசியில் மணி போயிற்று.

"ஹலோ?" கபிரியேலின் குரல். தெரியாத நம்பர் என்றால் அவன் எப்போதும் கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்பான். "யாரு பேசுறது?"

பதில் சொல்லுமுன் ஞானபாய் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள்.

"ஞானபாயாக்கும். இது எனக்க நம்பரு. குறிச்சு வச்சுக்கிடுங்க. குறிச்சாச்சுன்னா செல்லுங்க, நேத்து ராத்திரி உங்க தம்பிகிட்ட என்ன செல்லினியளோ, அத இப்ப எனக்கிட்ட செல்லுங்க."

மறுமுனையில் மஸ்கட் தெருவின் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.